பல்கலைக்கழகத்துக்குக் கொடை கொடுக்கும் முன்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஐயா பெயரில் குடும்ப அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கணிசமாகக் கொடுக்கலாம் என்று பங்காளிகள் பேசி வைத்திருக்கிறோம். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தைக் கேட்டாலும் முற்போக்கான, நவீனமான, உலகத் தரமான பல்கலைக்கழகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆச்சி, அதற்கெல்லாம் உண்மையில் என்ன அர்த்தம்? எதைப் பார்த்து முடிவெடுப்பது? ஒரு கட்டடமாகக் கட்டிக் கொடுத்துவிடலாமா?"

தம்பி, காரைக்குடி வட்டாரத்தில் வணிகவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுருக்கமான பதில் முதலில்: ஒரு பல்கலைக்கழகம் யாரை உள்ளே விடுகிறது, உள்ளே வந்தவர் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்ற இரண்டையும் பாருங்கள். முற்போக்கு அங்கேதான் தெரியும். அந்தக் கேள்விக்கு விடை தேடத் தேவையான நூலகமும் ஆய்வகமும் ஆளும் நேரமும் வருஷா வருஷம் தட்டில்லாமல் கிடைத்தால் அதை நவீனம் என்று சொல்லலாம். மற்றதெல்லாம் பெயின்ட். கட்டடம் வேண்டாம்; ஏன் என்று பின்னால் வருகிறேன்.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால் அழகப்பா செட்டியாரைத் தொடாமல் போக முடியாது. 1909-இல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ., அப்புறம் லண்டனில் வங்கிப் பயிற்சி, பாரிஸ்டர் படிப்பு, போதாததற்கு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மலேயாவில் வெள்ளீயச் சுரங்கம், கேரளத்தில் துணி ஆலை, சொந்தமாக ஒரு விமான நிறுவனம் என்று பணம் பல வழியில் வந்தது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். அதே மேடையில் அழகப்பர், காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அறிவித்துவிட்டார். அடுத்த மாதம், சுதந்திரம் வருவதற்கு முன்பே, காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. கல்லூரிக்கென்று சொந்தக் கட்டடம் எழுந்தது பிறகுதான். முதலில் வாத்தியாரும் பிள்ளைகளும், அதற்கப்புறம் சுவர். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கு உதவும்.

ஒரு வருஷம் கழித்து, 1948 ஜூலை 25 அன்று, நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். நம் ஊரில் எல்லோரும் 'சிக்ரி' என்கிறோமே, அதுதான். அதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அன்றைய காரைக்குடியில் மின்வேதியியல் என்ற வார்த்தையை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கோயில் திருப்பணிக்குக் கேட்டால் யோசிக்காமல் கொடுக்கும் ஊர் இது. மின்கலமும் துருவும் பற்றிய ஆராய்ச்சிக்கு 300 ஏக்கர் என்றால், பைத்தியம் என்றுதான் பேசியிருப்பார்கள். தனக்கே முழுதாகப் புரியாத ஒன்றுக்கு, புரிந்தவர்களை நம்பிக் கொடுக்கும் துணிச்சல் அது. கொடையாளரிடம் நான் எதிர்பார்க்கும் முதல் குணம் இதுதான்.

கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார் 1929-இல் பல்கலைக்கழகத்தைச் சிதம்பரத்தில் அமைத்தார். அழகப்பர் கல்வியைச் சொந்தச் சீமைக்கே கொண்டுவந்தார். அவர் 1957-இல் போய்ச் சேர்ந்தபோது வயது 48 முடியவில்லை. தமிழ்நாடு அரசின் தனிச்சட்டத்தால் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது 1985-இல், சிவகங்கை தனி மாவட்டமான அதே வருஷத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013-இல் அரசு கைக்குப் போனது. இரண்டிலிருந்தும் நமக்கு ஒரு பாடம் உண்டு: நிறுவியவர் பணமும் நிறுவியவர் குடும்பமும் ஒரு காலம் வரைதான். அதற்குப் பின் அந்த இடம் தன் குணத்தால்தான் நிற்க வேண்டும்.

சரி, குணம் என்றால் என்ன? யாரை உள்ளே விடுகிறது என்பதிலிருந்து வருவோம்.

1931-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் மீது ஆதிக்கச் சாதியினர் பதினொரு கட்டுப்பாடுகள் விதித்தார்கள். அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். ஆண்களும் பெண்களும் தங்க நகை போடக் கூடாது. பெண்கள் செம்புக் குடத்திலோ பித்தளைக் குடத்திலோ தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானை மட்டும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கவே கூடாது. மிராசுதார் வீட்டு மாடு மேய்த்தால் போதும். அன்று செட்டிநாடு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. காரைக்குடிக் கல்லூரியில் முதல் வகுப்பு நடந்ததற்கும் இந்தக் கட்டளைக்கும் நடுவில் பதினாறு வருஷம்தான் இடைவெளி. ஆகவே 'எல்லோருக்கும் கல்வி' என்பதை நம் பக்கத்தில் யாராவது பிரசுரத்தில் அலங்காரமாகப் போட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இங்கே அது ரத்தமும் சதையுமான விஷயம்.

இன்றைக்கு நிலைமை என்ன? கல்லூரி நாளில் காலை எட்டு மணிக்கு முன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கல்லல், புதுவயல், தேவகோட்டை என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரும் பஸ்களிலிருந்து பெண் பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கையில் பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்ட் நோட்டு, பஸ் படியிலிருந்தே போனில் நோட்ஸ் படித்துக்கொண்டு வருகிறவள் ஒருத்தி. அவர்களில் பலருடைய வீட்டில் அம்மாவுக்குப் பள்ளிக்கூடமே பாதியில் நின்றிருக்கும். 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022-இலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். இரண்டும் நல்ல காரியம். ஆனால் இரண்டும் அரசாங்கத்தின் காரியம். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு என்ன செய்தது என்பதுதான் நம் கேள்வி. அந்தப் பெண்ணின் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு ஆய்வக வகுப்பை வைக்கிறார்களா? தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் திகைத்து நிற்பவளுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்களா, இல்லை அவளே கைடு வாங்கி நெட்டுருப் போட்டுக்கொள்ள வேண்டியதா?

நான் பார்த்த ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதிக் கதவை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு எட்டரை வரை நேரம். நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும். அப்படியானால் நூலகத்தின் கடைசி இரண்டு மணி நேரம் யாருக்காகத் திறந்திருந்தது? அந்தக் கல்லூரியின் ஆண்டு மலரில் 'பாலின சமத்துவம்' என்று நாலு பக்கக் கட்டுரை வந்திருந்தது. முற்போக்கைக் கட்டுரையில் தேடாதீர்கள், பூட்டுச் சாவியில் தேடுங்கள்.

இரண்டாவது, உள்ளே வந்தவர் என்ன கேட்கலாம் என்பது. எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெளியூர்க்காரர்கள் பழம்பொருள் வாங்க வருவார்கள். எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பர்மா தேக்கு அலமாரி இவற்றுக்கு நடுவில் சில கடைகளில் பேரேடுகள் கிடக்கும். கனத்த அட்டை, மேலே பிள்ளையார் சுழி, துன்மதி என்றோ ருத்ரோத்காரி என்றோ வருஷத்தின் பெயர், உள்ளே தமிழ் எண்களில் வரவும் பற்றும். வாங்குகிறவருக்கு ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. ஏதாவது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவார்கள். மிச்சம் எடைக்குப் போகும்.

அந்தப் பேரேட்டுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பர்மா வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கீழ்நிலை வேலையாளாகக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கை முடித்து ஊர் திரும்பிய ஒரு தலைமுறையின் முழு வாழ்க்கை இருக்கிறது. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி பேசி வைத்தார்களே, அந்த வட்டி இருக்கிறது. ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எப்படி எடுத்தார்கள், ஒரு கடை நொடித்தால் இன்னொரு கடை எப்படித் தாங்கியது, யார் யாருக்கு நம்பிக்கையின் பேரில் ஹூண்டி என்னும் பணச்சீட்டு எழுதினார்கள் எல்லாம் இருக்கிறது. வணிகவியல் முதலாண்டில் இரட்டைப் பதிவு முறையை நாங்கள் இத்தாலியிலிருந்துதான் தொடங்கி நடத்துவோம். நடத்துகிற வகுப்பறையிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்தக் கணக்குப் புத்தகம் எடைக்கு விற்றுக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு நம் ஆட்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். இனிச் சொல்லப் போவதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். அதே பேரேட்டில் 'பாக்கி' என்று ஒரு வரி வரும். அந்த வரியின் மறுமுனையில் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் போட்ட ஒரு பர்மிய விவசாயி இருக்கிறார். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, அடமானம் மூழ்கியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் பேரில் இருந்தது. நிலத்தை வைத்து என்ன செய்வது, நமக்கு வேண்டியது ரொக்கம்தான் என்று நம்மவர்கள் புலம்பியதும் உண்மை. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கால்நடையாக வந்தவர்கள் கதை நமக்கு வீட்டுக்கு வீடு தெரியும். அந்த விவசாயி வீட்டில் என்ன கதை சொல்லிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நகரத்தார், அதாவது நம் செட்டியார்கள் பணத்தில் தொடங்கி, நகரத்தார் சீமையில் நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், கல்லல் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பெண் இந்தக் கேள்வியை எடுக்க முடியுமா? பேரேட்டையும் படித்து, பர்மிய மொழியும் கொஞ்சம் கற்று, இரண்டு பக்கத்தையும் வைத்து ஆய்வேடு எழுதி, யாருடைய முகச்சுளிப்பும் இல்லாமல் முனைவர் பட்டம் வாங்க முடியுமா? முடிந்தால் அந்த இடம் முற்போக்கானது. "எதுக்கும்மா வம்பு, 'செட்டிநாட்டு வள்ளல்களின் அறப்பணிகள்'னு தலைப்பை மாத்திக்கோ" என்று ஆய்வு நெறியாளர் சொன்னால், வாசலில் எத்தனை பெரிய வளைவு வைத்திருந்தாலும் சரி, அது இல்லை. கொடையாளரான உங்களுக்கும் இது ஒரு சோதனைதான் தம்பி. உங்கள் பணத்தில் படிக்கிறவள் உங்கள் குடும்பத்துக் கணக்கையே கேள்வி கேட்டால் தாங்கிக்கொள்வீர்களா என்று பங்காளிகள் கூடும்போது ஒருமுறை பேசிப் பாருங்கள்.

ரோஜா முத்தையா செட்டியார் விஷயமும் இங்கே வருகிறது. கோட்டையூரில் தனி மனிதராக உட்கார்ந்து சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும், கூடவே நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடும் காகிதங்களையும் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரத்தை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை; சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994-இல் நிலைபெற்றது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற யாரும் அதன் வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. புத்தகங்கள் பிழைத்தன, எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் கோட்டையூருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் அப்போதே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பழைய நோட்டீஸின் மதிப்பு பூமியின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. நவீனப் பல்கலைக்கழகம் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் சிகாகோ அந்தச் சேகரத்திடம் நடந்துகொண்டதைத்தான் காட்டுவேன்: தேடிப்போனது, விலை கொடுத்தது, சேர்ந்த மண்ணிலேயே விட்டது, நுண்படம் எடுத்துப் பலருக்கும் கிடைக்கும்படி செய்தது.

அடுத்து லட்சியம். இன்றைக்கு லட்சியம் என்றால் ரேங்க் என்று ஆகிவிட்டது. நாக் என்னும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் அழகப்பா பல்கலைக்கழகம் 2017-இல் 3.64 புள்ளியுடன் ஏ பிளஸ் வாங்கியது. அடுத்த வருஷம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) முதல் வகைத் தன்னாட்சியும் கொடுத்தது. சின்ன ஊரில் இருக்கும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இது லேசுப்பட்ட காரியம் இல்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மதிப்பெண் எதை அளக்கிறது என்றும் பாருங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வருகிறது. அதில் கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20. ஏழைகள், பெண்கள், வெளிமாநிலத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்று பலதரப்பையும் உள்ளே சேர்ப்பதற்கு 10. அந்த நிறுவனத்தைப் பற்றி வெளியே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் 10. எல்லோரையும் உள்ளே விடுவதற்கும் ஊர்ப் பேச்சுக்கும் ஒரே மார்க்! இந்தக் கணக்குக்குப் பாடுபடுகிற துணைவேந்தர் எதன் பின்னால் ஓடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாள் எண்ணிக்கையைக் கூட்ட யாரும் படிக்காத இதழ்களில் கட்டுரை போடுவது அப்படி வந்த வினைதான்.

நான் மதிக்கிற லட்சியம் வேறு. இந்த மண்ணில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியை எடுத்து, உலகத்தில் எங்கே வைத்தாலும் நிற்கும்படி விடை சொல்வது. சிக்ரி அதைச் செய்திருக்கிறது. கடலோரத்து உப்புக்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதை மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். பாம்பன் பாலம் இருக்கும் கடற்கரை அது. துருவுக்கு அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடைப்பது அபூர்வம். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில் ஒரு வளாகம் இருக்கிறது, கடலியலும் கடலோர ஆய்வும் அங்கேதான். பாக் நீரிணைக் கடல்புல், அதை மேயும் ஆவுளியா என்னும் கடல்பசு, அதே கடலை நம்பிப் பிழைக்கிற மீனவர்கள் என மூன்றும் ஒரே இடத்தில். 2022-இல் தமிழ்நாடு அரசு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்கு என்ன தெரியும், மாவட்ட எல்லை? தொண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

ஊருணிகளும் அப்படித்தான். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவுக்குள் (வீட்டு நடு முற்றம்) இறங்கி, அண்டாவுக்குப் போனது போக மிச்சம் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஒரு சீமை முழுக்கக் கட்டிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் ஏறியிருக்கிறது என்று ஊர் ஊராக அளந்து படம் போட வேண்டுமானால் பொறியியல் மாணவரும் வேண்டும், நிலவியல் மாணவரும் வேண்டும், பழைய பத்திரம் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவரும் வேண்டும். துறைக்குத் துறை சுவர் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் இந்த மூன்று பேரும் கேன்டீனில்தான் சந்திப்பார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கட்டடம் வேண்டாம் என்றேன். கட்டடத்துக்கு அரசும் கொடுக்கும், தொகுதி எம்.பி.யும் கொடுப்பார், கல்வெட்டில் பெயர் வருமே. யாரும் கொடுக்காதது நடப்புச் செலவுக்கு. நம் குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோயிலுக்கு நம் முன்னோர்கள் கட்டளை வைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியில் அன்றாடம் விளக்குக்கு எண்ணெய், பூவுக்குக் காசு. காசியில் விசுவநாதருக்கு நகரத்தார் சத்திரத்திலிருந்து தினமும் சம்போ என்று பூசைப் பொருள்கள் போகிறதே, தலைமுறை தலைமுறையாக ஒருநாள் விடாமல், அது ஒரே தடவை கொடுத்த நன்கொடையால் நடக்கிற காரியமா? கோபுரம் கட்டியவரும் வேண்டும்தான். ஆனால் கோயில் நடப்பது கட்டளையால். நூலகத்துக்கு ஒரு கட்டளை வையுங்கள். ஆய்வகத்தில் பழுதான கருவியைச் சரிபார்க்கும் ஆளுக்குச் சம்பளக் கட்டளை வையுங்கள். கருவி வாங்க மானியம் வரும். மூன்றாம் வருஷம் அது பழுதாகி உறை போட்டு மூடிக் கிடக்கும்போது ஒருவரும் வர மாட்டார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் செமஸ்டரில் நின்றுபோகும் பிள்ளைகளுக்காக ஒன்று. பேரேடுகளைச் சேர்த்து, படம் பிடித்து, படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இளைஞர்களுக்கு அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஒன்று. அந்தப் பெரியவர்கள் ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். அழகப்பரும் காரைக்குடியோடு நிற்கவில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய நிதி கொடுத்தார். அங்கே அவர் கொடுத்தது வாத்தியாருக்கும் படிப்புக்கும்.

நிர்வாகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை மட்டும். தமிழ்நாட்டில் துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடக்கும் இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் தலை இல்லாமல் நாளைக் கடத்தியிருக்கின்றன. வகுப்பு எடுப்பவர்களில் பெரும் பகுதி கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் இருக்கும் கௌரவம் சம்பளத்தில் இருக்காது. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் மாணவியிடம் துணிச்சலான தலைப்பை எடு என்று எப்படிச் சொல்வார்? கேள்வி கேட்கும் சுதந்திரம் வேலை நிரந்தரத்தோடு பிணைந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்திருக்கிறீர்களோ, முதலில் ஷோத்கங்கா இணையதளத்தில் போய் அங்கே சமீபத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள். ஆய்வேடுகளை யாரும் படிக்கும்படி அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். தலைப்புகளைப் படித்தாலே குணம் பாதி தெரிந்துவிடும். எத்தனை பேர் இந்த மண்ணைத் தொட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் ஒரே அச்சில் வார்த்த 'ஓர் ஆய்வு'கள் என்று பாருங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சொல்லிக்கொண்டு போகாதீர்கள். சொன்னால் சால்வையும் பாக்குத் தட்டுமாக நிற்பார்கள். ஒரு புதன்கிழமை மாலை ஆறரைக்கு நூலகத்துக்குப் போங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆய்வகத்தில் உறை போட்டு மூடியிருக்கும் கருவிகளைக் காட்டி, இது எப்போதிருந்து இப்படி என்று கேளுங்கள். முதல் வருஷம் சேர்ந்தவர்களில் இரண்டாம் வருஷம் வராதவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் இடத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்பதுபோல் முழித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஐயா பெயரை வைக்கலாமா என்று தயங்கியும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பத்திரம் எழுதும்போது மூன்று விஷயம் சேருங்கள். முதல் தொகையைத் தொடக் கூடாது. வருஷா வருஷம் செலவுக் கணக்கைப் பொதுவில் போட வேண்டும். உதவித்தொகை பெறுகிறவரின் ஆய்வுத் தலைப்பில் குடும்பத்தார் யாரும் தலையிட முடியாது. கடைசியாக, அறக்கட்டளை இந்தியாவில் பதிவாகி, பணமும் இங்கேயே இருந்தால் சிக்கல் இல்லை. பங்காளிகளில் யாராவது சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்திருந்து, அவர் அங்கிருந்து நேரடியாக அனுப்புவதானால், அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. பெறுகிறவரிடம் அதற்கான பதிவோ விலக்கோ இருக்கிறதா என்று ஆடிட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு அப்புறம் அனுப்பச் சொல்லுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புகிறவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.